மரங்கொத்தி கொத்தி வைத்த பகடையாட்டம்

அந்தக் காலத்தில், கரடி பேசுவது மானுக்கும் மான் பேசுவது கரடிக்கும் புரிந்த காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் இலுப்பைத் தோப்பு ஒன்று இருந்தது. பங்குனி பிறந்தால் போதும், தேனாய் இனிக்கும் பூக்கள் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். அந்தப் பூவுக்காகக் கரடிகளும் கடமான்களும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும். போன ஆண்டுச் சண்டையில் ஒரு மான்கன்று செத்தது. கரடிகளின் தலைவி காரியின் இரண்டு குட்டிகளில் ஒன்றும் செத்தது.

“இந்த முறை ரத்தம் வேண்டாம், காரி. பகடை ஆடுவோம். தோற்ற கூட்டம் பூக்காலம் முடியும்வரை மலைக்கு அப்பால் போய்விட வேண்டும்” என்றான் கடமான்களின் தலைவன் கொம்பழகன்.

மிச்சமிருந்த குட்டியைப் பார்த்துக்கொண்டே காரி தலையசைத்தாள்.

பாறைமேல் இருபத்துநான்கு வீடுகள் கீறினார்கள். காரிக்குப் பதினைந்து புங்கங்கொட்டை. கொம்பழகனுக்குப் பதினைந்து வெள்ளைக் கூழாங்கல். எல்லாக் காய்களையும் முதலில் வெளியேற்றுபவருக்கு வெற்றி. தனியாக நிற்கும் காயை எதிரி வெட்டினால், அது மறுபடி முதல் வீட்டிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் கூவிச் சொல்லும் சாட்சியாக, கீச்சி என்ற மரங்கொத்தியை வைத்தார்கள். அப்போதெல்லாம் மரங்கொத்திகள் மரத்தைக் கொத்தியதே கிடையாது. வாய் ஓயாமல் பேசும், அதுதான் அவற்றின் பெருமை.

பகடை உருண்டது!

“வீரம் மிகுந்த காரியம்மா, எட்டாம் வீட்டில் வீற்றிருந்த தம் புங்கங்கொட்டையை...” என்று கீச்சி தொடங்கினாள். முடிப்பதற்குள் பகடை இன்னும் மூன்று முறை உருண்டுவிட்டது.

“ஏ கீச்சி, இன்னுமா எட்டாம் வீட்டில் இருக்கிறாய்?” என்று வேடிக்கை பார்க்கக் கிளையெல்லாம் கூடியிருந்த குரங்குகள் கூச்சலிட்டன.

கீச்சி பதறிப்போனாள். சட்டென்று பக்கத்து மரத்தில் தொற்றி, அதுவரை நடந்த வீச்சுகளையும் சேர்த்து அலகால் கொத்தினாள். ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஒரு கீறல். முதலில் காய் புறப்பட்ட வீடு, அடுத்து அது போய்ச் சேர்ந்த வீடு. வெட்டு விழுந்தால் ஆழமாக ஒரு பொத்தல். டக், டக்! டக்! அட, எவ்வளவு சுருக்கம்! பகடை எத்தனை வேகமாக உருண்டாலும் இப்போது அவள் பின்தங்கவில்லை. அலகு வலித்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

முப்பத்தோராவது வீச்சில் கொம்பழகன் மூக்கால் ஒரு கல்லைத் தள்ளினான். “வெட்டு!”

காரி ஆத்திரத்தில் துள்ளினாள். அவள் கால் பட்டுக் காய்கள் எல்லாம் சிதறி ஓடின.

“வேண்டுமென்றே கலைத்துவிட்டாய்!”

“வெட்டே விழவில்லை! என் காய் அடுத்த வீட்டில் இருந்தது!”

கொம்புகள் தாழ்ந்தன. நகங்கள் நீண்டன. குட்டி பயந்து அலறியது.

“நிறுத்துங்கள்!” என்று கீச்சி கத்தினாள். “முழு ஆட்டமும் இந்த மரத்தில் இருக்கிறது. முதலிலிருந்து அடுக்குங்கள்!”

அவள் ஒவ்வொரு குறியாகப் படிக்கப் படிக்க, ஆட்டம் பாறைமேல் மறுபடி உயிர் பெற்றது. “ஆமாம், இப்படித்தான்! இப்படியேதான்!” என்று குரங்குகள் குதித்தன. முப்பதாவது வீச்சுவரை யாருக்கும் மறுப்பில்லை. கடைசிக் குறிக்கு வந்தார்கள்.

“காரியம்மா, நீயே தொட்டுப் பார்” என்றாள் கீச்சி.

காரி நகத்தை வைத்தாள். நகம் அடிவரை உள்ளே இறங்கியது. ஆழமான பொத்தல். அவள் தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெட்டுதான்” என்றாள் காரி.

ஆட்டம் தொடர்ந்தது. அப்பப்பா, என்ன ஆட்டம்! வெட்டுப்பட்ட காயை எடுத்துக்கொண்டு காரி விரட்டினாள். இரண்டு முறை அடுத்தடுத்து இரட்டை ஆறு! கடைசியில் ஆளுக்கு ஒரே ஒரு காய் மிஞ்சியது. வீச்சு கொம்பழகனுடையது. அவன் கல் வெளியேறியது.

காரி எழுந்து உடம்பை உதறிக்கொண்டாள். குட்டி அவள் முதுகில் ஏறியது. “அடுத்த பங்குனிக்கு வருவேன். கீச்சி, நல்ல மரமாகப் பார்த்து வை” என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு மலையேறினாள். அந்த ஆண்டு தோப்பில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அன்று முதல்தான் மரங்கொத்தி மரத்தை டக் டக் என்று கொத்துகிறது. கொத்திவிட்டுச் சற்று நிறுத்தித் தலையைச் சாய்க்கிறது. அடுத்த காய் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்க்கத்தான் அந்த நிறுத்தம்.