பண்ணையார் தொட்ட பல்

பண்ணையார் பூதலிங்கத்தின் நிலத்தில் தொல்லியல்காரர்கள் தோண்டிய குழியில் ஆதிமனிதனின் பல் ஒன்று தெரிந்தது. மண் சலிக்கும் முத்துப்பேச்சி கையுறையை மாட்டிக்கொண்டு அதை எடுக்கக் குனிந்தாள்.

"நில்லு! உன் கை பட்டதை நான் எப்படிக் கும்பிடுறது?" என்று பண்ணையாரே குழிக்குள் இறங்கினார். பல்லை வெறுங்கையால் எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இவர் எங்க வம்சத்து மூத்தவர். மரபணுச் சோதனையிலயும் அப்படித்தான் வரணும். இல்லைன்னா குழியை மூடிடுவேன்."

குழியின் விளிம்பில் நின்ற தொல்லியல் அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

"கவலைப்படாதீங்கய்யா, கட்டாயம் உங்க வம்சம்னுதான் வரும்," என்றாள் முத்துப்பேச்சி.

பண்ணையாரின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றே?"

"உங்க வேர்வை அதுல ஒட்டிக்கிச்சே. இனி சோதிச்சா அவரு தெரியமாட்டாரு, நீங்கதான் தெரிவீங்க. அதுக்குத்தான் நாங்க கையுறை போடுறோம்."

பண்ணையார் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மெல்லத் தலையசைத்தார்.

மண்ணில் பாதி புதைந்திருந்த இன்னொரு பல்லை முத்துப்பேச்சி காட்டினாள். "இதுல இன்னும் யார் கையும் படலை. யார் யாருக்கு மூத்தவர்னு இவரே சொல்லட்டும்."

பண்ணையாரின் கை பழக்கத்தில் நீண்டது.

"தள்ளி நில்லுங்கய்யா," என்றாள் அவள். "நீங்க தொட்டா தீட்டு."

யாரும் சிரிக்கவில்லை.