அளவுச் சட்டை

"டீச்சர், டூபாவுக்கு ஒரு பை வேணும். இருக்கதுலயே நல்ல பை. எதை எடுக்கலாம்?"

செருப்பைக் கழற்றும்போதே எப்சிபா கேட்டுவிட்டாள்.

லில்லிபுஷ்பம் டீச்சர் மிஷினிலிருந்து நிமிரவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்தார். நூலைக் கத்தரித்தார்.

"உறை வேணுமா, பை வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்."

"எங்கிட்ட ரெண்டு வருஷம் தையல் படிச்சவ. ரெண்டும் ஒண்ணுங்கா."

எப்சிபாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சருக்கு நாலு வயதுதான் கூட. ஆனாலும் அந்த வீட்டுக்குள் வந்தால் அவளுக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

டீச்சர் இப்போது ஜாக்கெட், பாவாடை தைப்பதில்லை. கோயில் பேண்டுக்காரர்களுக்கு வாத்தியப் பை தைக்கிறார். டிரம்பெட்டுக்கு, டிரம்போனுக்கு, பெரிய டிரம்முக்கு. பக்கத்துச் சேகரங்களின் கோயில்களிலிருந்தெல்லாம் ஆள் வரும்.

இரண்டு பைகளை எடுத்து மேசைமேல் போட்டார். ஒன்று மெரூன் நிறம். ஓரமெல்லாம் தங்க நூல். இன்னொன்று சாம்பல் நிறத்தில் முரட்டுக் கான்வாஸ்.

"எது நல்ல பை?"

எப்சிபா மெரூனைத் தொட்டாள்.

டீச்சர் இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டார். மெரூன் பைக்குள் துணி விளிம்பு நார்நாராகப் பிரிந்து கிடந்தது. ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. சாம்பல் பைக்குள் ஒவ்வொரு ஓரத்துக்கும் பட்டி வைத்து இரட்டைத் தையல். வார் சேருகிற இடத்தில் தோல் துண்டு.

"மெரூனும் நீங்க தச்சதா டீச்சர்?"

"கடையில வாங்கினது. ரிப்பேருக்கு வந்திருக்கு."

எப்சிபா கையை எடுத்துக்கொண்டாள்.

"உன் டூபா எங்க போகப் போகுது?"

"எங்கயும் போகாது டீச்சர். வீட்லதான் இருக்கும். கிங்ஸ்லி வாற வரைக்கும்."

"அப்போ பழைய சேலையைச் சுத்தி வையி. போகாத சாமானுக்கு உறை போதும்."

"சேலைதான் டீச்சர் சுத்தி வச்சிருக்கேன். ஒம்பது வருஷமா."

டூபா கோயிலுக்குச் சொந்தம். பேண்டில் ஊதுகிற வாத்தியங்களிலேயே பெரியது. மூன்று வயதுப் பிள்ளையைப்போல மடியில் வைத்து அணைத்துக்கொண்டுதான் ஊத முடியும். எப்சிபாவின் ஒரே மகன் கிங்ஸ்லி ஊதுகிறான் என்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வேலைக்குப் போனான். டூபா போகவில்லை.

பேண்டு செக்ரெட்டரி மூன்று தடவை வந்து கேட்டார். மினி பஸ் ஓட்டுகிற ஆசீர் வேறொரு கோயிலில் போய் ஊதப் பழகியிருக்கிறான், டூபாவைத் தாங்கம்மா என்றார்.

மூன்று தடவையும் எப்சிபா ஒரே பதில்தான் சொன்னாள்.

"எம்பிள்ளை வருவான்."

இந்த வருஷம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருவான். புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வீட்டு நடையிறங்கி, தெரு பார்க்கக் கோயிலுக்கு நடந்து போவான். அவள் கொஞ்சம் பின்னால் நடந்து போவாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அதை டீச்சரிடம் சொன்னாள்.

"அதுக்குத்தான் டீச்சர். உறை வேண்டாம். பைதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உறையா, பையா?"

"பை டீச்சர். பை."

டீச்சர் தலையாட்டினார்.

எதிரே கோயில் ஹாலில் பேண்டு பிராக்டிஸ் தொடங்கியது. எப்சிபா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"என்ன டீச்சர், பாட்டு மொட்டையாக் கேக்கு?"

"அடிக்குரல் ஊத டூபா இல்ல. ஒம்பது வருஷமா இப்படித்தான் கேக்கு. நீ இன்னைக்குத்தான் கேக்கே."

எப்சிபா தரையைப் பார்த்தாள்.

"தோள் அளவு கொண்டா," என்றார் டீச்சர். "நான் வாருக்குப் பக்கிள் வைக்க மாட்டேன். இழுத்து விடுற வாரு யார் தோளுக்கும் சேராது. பத்துக் கிலோ சாமான். தூக்குத ஆளு அளவு வேணும்."

&nbsp;

மறுநாள் காலை ஜெபம் முடித்த கையோடு எப்சிபா போன் போட்டாள்.

"கிங்ஸ்லி, உன் தோள் அளவு வேணும்ப்பா."

"என்னத்துக்கும்மா?"

"டூபாவுக்குப் பை தைக்க."

"அதை இன்னுமாம்மா குடுக்கல? எத்தனை தடவை சொல்லிட்டேன்! எனக்கு இப்ப ஊதவே வராது."

"பண்டிகைக்கு வாறேன்னு சொன்னியே."

"வாறேன்னு சொல்லலம்மா. பாக்கேன்னு சொன்னேன். லீவு இல்ல. கார்ல போய்க்கிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுதேன்."

அப்புறம் கூப்பிடவில்லை.

&nbsp;

புதன்கிழமை ஆட்டோவில் டூபாவை ஏற்றிக்கொண்டு எப்சிபா வந்தாள். கையில் ஒரு சட்டையும் இருந்தது.

"அளவு சொன்னானா?"

"அவன் மீட்டிங்ல இருந்தான் டீச்சர். அளவுச் சட்டை கொண்டாந்திருக்கேன்."

ஆள் வர முடியாவிட்டால் அளவுச் சட்டை வரும். எந்தத் தையல்காரரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

டீச்சர் முதலில் டூபாவைச் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தார். பித்தளை கண்ணைக் கூசவைத்தது.

"என்ன போட்டுத் தேய்ச்சே?"

"புளியும் சாம்பலும். சனிக்கிழமை சனிக்கிழமை தவறாமத் தேய்ச்சிருவேன் டீச்சர்."

"மேல்பூச்சு பூரா போயிருக்கு."

டீச்சர் முதல் வால்வின் மேல் விரலை வைத்து அமுக்கினார். இறங்கவில்லை. அடுத்ததை அமுக்கினார். அதுவும் இறங்கவில்லை. மூன்றாவதும் அப்படியே.

திரும்பி, மேசையில் கிடந்த மெரூன் பையைப் பார்த்தார்.

எப்சிபாவும் பார்த்தாள். முகம் சிவந்தது.

டீச்சர் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூன்று வால்விலும் சொட்டுச் சொட்டாக விட்டார். அப்புறம் சட்டையை விரித்து டேப்பை வைத்தார்.

"பதினேழு இஞ்ச். இது எந்தக் கிங்ஸ்லி?"

"என்ன டீச்சர் கேக்கீங்க? எனக்கு ஒரு பிள்ளைதானே."

"இது காலேஜுல படிச்ச கிங்ஸ்லி. இப்ப இருக்க கிங்ஸ்லி எவ்வளவு அகலம் இருப்பான்?"

எப்சிபா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் குறைத்தாள். மறுபடி விரித்தாள்.

போனில் அவன் முகம் மட்டும்தான் தெரியும். பேரனையும் அந்தச் சதுரத்துக்குள்தான் பார்த்திருக்கிறாள்.

"ஜெபத்துல என்னட்டி கேக்கே?"

"அவன் வரணும்னு."

"ஆண்டவர்கிட்ட கேட்டே. அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

எப்சிபாவுக்கு உதடு கோணியது.

"பாக்கேன்னு சொல்லிட்டான் டீச்சர்."

சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். ஆனாலும் சத்தம் வந்துவிட்டது. ஒன்பது வருஷமாகக் கோயிலிலும் வீட்டிலும் அவள் சத்தம் போட்டு அழுததில்லை. சாட்சி கெட்டுப்போகும், விசுவாசமில்லாதவள் என்பார்கள் என்று பயம்.

டீச்சர் எழுந்து வந்தார். யாரையும் தொட்டுத் தேற்றுகிற ஆளில்லை அவர். அன்றைக்கு எப்சிபாவின் தோளில் கையை வைத்தார். விரல்கள் அகல விரிந்த அந்தக் கை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மெதுவாக நகர்ந்தது. பிறகு பிடரியிலிருந்து முதுகோடு இறங்கி, இடுப்புக்கு மேலே கொஞ்சம் நின்றது.

எப்சிபாவுக்குத் தன்னைப் பெற்றவள் ஞாபகம் வந்தது. அழுகை அடங்கியது.

"டூபா இங்க இருக்கட்டும். சட்டையும் இருக்கட்டும். சனிக்கிழமை வா."

&nbsp;

சனிக்கிழமை. மறுநாள் பிரதிஷ்டைப் பண்டிகை. கோயில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறக் கான்வாஸ். தங்க நூலெல்லாம் இல்லை.

எப்சிபா இப்போது வெளியே பார்க்கவில்லை. நேராக ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கனத்த ஸ்பாஞ்சு. அதன்மேல் மெத்தென்ற துணி. முதலில் தரையில் முட்டுகிற அகல வாய்க்கு மட்டும் இரட்டை மெத்தை. ஊதுவாய்க்குத் தனியாக ஒரு சின்னப் பாக்கெட். விரல் நுனியால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு பிசிறு தட்டுப்படவில்லை.

"குறையே சொல்ல முடியாது டீச்சர்."

டீச்சர் டூபாவைத் தூக்கி, வால்வுகளை அமுக்கிக் காட்டினார். டப், டப், டப். மூன்றும் இறங்கி ஏறின. பைக்குள் இறக்கி ஜிப்பை இழுத்தார்.

"மாட்டிப் பாரு."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

எப்சிபா சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டினாள். இந்த வயதில் ஸ்கூல் பிள்ளை மாதிரி. டீச்சர் ஒரு வாரை மாட்டிவிட்டார். அடுத்த வாரை மாட்டிவிட்டார்.

பத்துக் கிலோ முதுகில் இறங்கியது. ஆனால் எங்கேயும் வெட்டவில்லை. எங்கேயும் தொங்கவில்லை. நன்றாகத் தைத்த ஜாக்கெட் மாதிரி, வார் தோளில் படிந்தது.

எப்சிபாவின் சிரிப்பு நின்றது.

வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போக இடமில்லை.

"டீச்சர், இது அவனுக்குப் பத்தாதே."

டீச்சர் அவள் தோளில் வாரை நீவிவிட்டார்.

புதன்கிழமை முதுகில் நகர்ந்த கை அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, விரல் விரிந்து, சாண் சாணாக.

"அன்னைக்கு நீங்க என்னைத் தேத்தலையா டீச்சர்?"

"அளவெடுத்தேன்."

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். டூபாவைச் சுற்றியிருந்த பழைய சேலையில் தைத்த உறை. நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தது. எப்சிபா தொட்டதுமே கண்டுகொண்டாள். உள்ளே காலர் தட்டுப்பட்டது. பட்டன் தட்டுப்பட்டது.

"இதுக்கு உறை போதும்," என்றார் டீச்சர்.

எப்சிபா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வரவில்லை.

"நான் எம்பிள்ளைக்குல்லா டீச்சர் கேட்டேன்."

டீச்சர் தெருக்கதவின் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறந்தார். எதிரே கோயில் ஹால். உள்ளே நாளைய பவனிப் பாட்டு, அடியில்லாமல், மொட்டையாகக் கேட்டது.

"நீ பை கேட்டே."