எச்சில் பார்த்த பங்கஜவல்லி

காலை ஆட்டாம ஒழுங்காப் படு. ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தா தூக்கம் வராது. நான் நிறுத்தற இடத்துல எல்லாம் "ம்" கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு எழுந்து போயிடுவேன். எனக்கு அடுப்படியில மாவு கரைச்சு வைக்கற வேலை கிடக்கு. சரியா மிருது?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பசு. ஊருன்னா பட்டணம்தான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி, கோதண்டம்னு ஒரு பால்காரரோட தகரக் கொட்டாய்ல இருந்துது. பேரு பங்கஜவல்லி. பங்கஜவல்லிக்கு உலகத்துலயே ஆகாத விஷயம் ஒண்ணே ஒண்ணு. எச்சில். வேற மாடு வாய் வெச்ச தொட்டியில தண்ணி குடிக்க மாட்டா. குருவி கொத்தின வைக்கோலைத் தொட மாட்டா. நான் படிச்ச கான்வென்ட்ல சிஸ்டர் பெனிட்டான்னு ஒருத்தங்க, காலையில வரிசையா கையை நீட்டச் சொல்லி நகம் பாப்பாங்க. அவங்க மட்டும் பங்கஜவல்லியைப் பாத்திருந்தா ஹோலி பிக்சர்னு ஒரு சாமி படம் குடுத்து முதல் பெஞ்சுல உக்கார வெச்சிருப்பாங்க.

"நான்கூட எச்சில் சாப்பிட மாட்டேன்மா."

தெரியும். சாயங்காலம் அத்தை பையன் ஒரு வாய் குடிச்ச டம்ளரைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா? கதையைக் கேளு.

அதே கொட்டாய்ல பக்கத்துல ஒரு எருமை. அவ பேரு அஞ்சுகம். கிளிப் பேரைக் கொண்டுபோய் எருமைக்கு எந்த மகராசன் வெச்சானோ! அஞ்சுகம் காலையில போய் மழைத்தண்ணி தேங்கின குட்டையில பொத்துனு விழுவா. சேத்தோட எழுந்து வருவா. வந்து உக்காந்து அசை போடுவா. சளப்பு... சளப்பு... சளப்பு. ரெண்டு கடைவாயிலயும் நுரை ஒழுகும்.

"ஏய், அந்தப் பக்கம் திரும்பி மெல்லேன்," அப்படிம்பா பங்கஜவல்லி.

"ஏன் வல்லி, நீ மெல்லறதே இல்லையா?"

"நான் மெல்லறது என் சொந்த எச்சில்."

"நான் மட்டும் என்ன, இரவல் வாங்கியா மெல்லறேன்?"

அப்புறம், இப்போ ஒரு ரகசியம் சொல்றேன். பசுவுக்குப் புல்லு செரிக்காது.

"பொய்!"

"ம்" கொட்டச் சொன்னா பொய்ங்கறா. நிஜமாத்தான்டீ. பசு வயித்துக்குள்ள கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பெரிய அறை இருக்கு. அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத பொடிசுங்க கோடி கோடியா குடியிருக்கு. புல்லு உள்ள விழுந்ததோ இல்லையோ, கிச்சு கிச்சுனு ஓடி வந்து அரிச்சு, உடைச்சு, புளிக்க வெச்சு, கஞ்சியாக்கிக் குடுக்கும். அதைத்தான் பசு சாப்பிடுது. நம்ம வீட்டு இட்லி மாவு பொங்குதே, நானா உள்ள உக்காந்து பொங்க வைக்கறேன்? எல்லாம் பொடிசுங்க வேலை.

"யாரு உள்ள விட்டா?"

நல்ல கேள்வி. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, பங்கஜவல்லியோட பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி ஒருத்தி இருந்தா. இத்தனூண்டு. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். விழுந்த பழம், துளிர் இலைன்னு பொறுக்கித் தின்னுட்டு, இலை அசைஞ்சா ஓடிக்கிட்டு இருந்தா. அப்போ ஒருநாள் அழுக்கு இலையோட நாலு பொடிசுங்க உள்ள போய்க் கேட்டுதுங்க.

"அம்மா, இடம் இருக்கா?"

"கொஞ்சூண்டு இருக்கு."

"இருட்டா இருக்கணும். சூடா இருக்கணும். ஈரமா இருக்கணும். காத்தே வரக் கூடாது."

"வீடு பாக்க வந்தீங்களா, குத்தம் சொல்ல வந்தீங்களா?"

"குடுத்துப் பாருங்கம்மா. நார் எல்லாம் நாங்க உடைச்சுத் தர்றோம். நீங்க பழத்துக்கு அலைய வேண்டாம், மைதானம் பூரா இருக்கற புல்லையே தின்னலாம்."

சரின்னு இடம் குடுத்தா. அவ்வளவுதான், பிள்ளைகுட்டியோட பெருகிப் போச்சுங்க. அப்புறம் ஆரம்பிச்சுது. இந்த அறை பத்தலை, பெரிசாக் கட்டு. ஒரு அறை போறாது, நாலு வேணும். நீ மென்னு போட்டது முரடா இருக்கு, திருப்பி எடுத்து நல்லா மென்னு போடு. குடித்தனக்காரங்க சொல்லச் சொல்ல, தலைமுறை தலைமுறையா வீட்டுக்காரி வீட்டை இடிச்சு இடிச்சுக் கட்டினா. வயிறு பெரிசாச்சு, வயித்தைத் தூக்க உடம்பு பெரிசாச்சு. முயல் மாதிரி இருந்தவ கடைசியில இவ்ளோ பெரிய பசுவாயிட்டா. யாரு யாரை வளத்தாங்கன்னு என்னைக் கேக்காதே.

"ம்."

பங்கஜவல்லிக்கு இதெல்லாம் எங்க தெரியும்? சுத்தபத்தமா இருக்கறதாலதான் தான் அழகா இருக்கோம்னு அவ நினைப்பு.

அப்போ அவளுக்கு ஒரு கன்னுக்குட்டி பொறந்துது. உருண்டையா, சீடை மாதிரி. பேரும் சீடை. பொறந்த குட்டி வழவழன்னு ஈரமா கிடந்துது. பங்கஜவல்லி என்ன பண்ணினா? சர்ரு சர்ருனு தலையிலேர்ந்து வால் வரைக்கும் நக்கித் துடைச்சு விட்டா.

அஞ்சுகம் விடுவாளா? "ஏன் வல்லி, இதெல்லாம் எச்சில் கணக்குல வராதா?"

"பெத்தவளுக்கு ஏது எச்சில்?" அப்படின்னா பங்கஜவல்லி. நான்கூட உன் தட்டுல நீ பிசைஞ்சு வெச்சுட்டுப் போறதை எல்லாம் சாப்பிடலை?

"ம்."

அப்புறம் பங்கஜவல்லிக்கு ஜுரம் வந்துது. உடம்பு கொதிக்குது, கண்ணு சொருகுது. டாக்டர் வந்து வாயில கடுமையான மருந்தை ஊத்தினார், கடக் கடக் கடக். ஜுரம் போயிடுச்சு. மருந்து மேல தப்பு சொல்லாதே, அது இல்லன்னா அவ பொழைச்சிருக்க மாட்டா. ஆனா மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியலை. திருட வந்த ஜுரக் கிருமியையும் அடிச்சுது, குடித்தனக்காரங்களையும் சேத்து அடிச்சுது. மண்டபம் காலி.

அப்போ பங்கஜவல்லி புல்லு தின்னா. புல்லு புல்லாவே உள்ள கிடந்துது. வயிறு உப்பிப் போச்சு. கோதண்டம் தட்டிப் பாத்தார், டம்... டம்... டம். மிருதங்கம் தோத்துது. அசை போட ஒண்ணும் மேல வரலை. சாப்பாட்டைப் பாத்தாலே தலையைத் திருப்பிக்கிட்டா. சாப்பாடு இல்லன்னா பால் எங்கேர்ந்து வரும்? சீடை வந்து முட்டி முட்டிப் பாக்குது. ஒரு சொட்டு இல்லை. "ம்மே... ம்மே..." வாய்ல பல்லுகூட ஒழுங்கா வராத குட்டி, அது வைக்கோலையா தின்னும்? உருண்டையா இருந்த சீடை, தட்டைக் குச்சியா ஆயிடுச்சு.

"செத்துப் போயிடுமா?"

கேளு. கோதண்டம் முதல்ல ஓமமும் பெருங்காயமும் வெல்லமும் போட்டுக் கஷாயம் காய்ச்சி மூங்கில் குழாயில ஊத்தினார். பங்கஜவல்லி அவர் சட்டை மேலயே புர்ர்ருனு திருப்பித் துப்பினா. அப்புறம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அரைச்சு முன்னாடி வெச்சார். மோந்து பாத்துட்டுப் படுத்துட்டா. அப்புறம் யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு மிளகாயும் உப்பும் சுத்தி நெருப்புல போட்டார். பட் பட் பட்னு வெடிச்சுது. தெருவே இருமிச்சு. வயிறு மட்டும் டம் டம்னு அப்படியே இருந்துது.

அப்போ உள்ளேர்ந்து ஒரு குரல். "வீட்டுக்காரம்மா..."

"யாரு?"

"நான்தான். மண்டபத்து மூலையில ஒரு மடிப்புல ஒளிஞ்சுக்கிட்டேன். கிழவன். மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. ஒத்த ஆளா ஒரு புல்லைக்கூட என்னால புரட்ட முடியலை."

"ஆளுங்களைக் கூப்பிடேன்."

"இருக்காங்கம்மா. எல்லாம் எங்க சொந்தக்காரங்கதான். பக்கத்துல, அஞ்சுகத்தம்மா வாயில."

பங்கஜவல்லிக்கு ரோமம் எல்லாம் நட்டுக்கிச்சு. "எருமை எச்சிலா? நான் செத்தாலும் சரி!"

அஞ்சுகத்துக்குக் காது கேக்காதா என்ன? "எனக்கு நுரை ஒழுகி வீணாத்தான் போகுது. ஒரு வாய் எடுத்துக்கோ வல்லி. குழந்தை முகத்தைப் பாரு."

"அந்தப் பக்கம் திரும்பு!" அப்படின்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. மூடின கண்ணுலேர்ந்து தண்ணி வந்துது. பிடிவாதம் பிடிச்சவங்களுக்கும் அழுகை வரும்.

"ம்."

சீடை எல்லாத்தையும் கேட்டுது. மெதுவா எழுந்துது. கால் தள்ளாடுது, தட்டுக்... தட்டுக்... தட்டுக். நேரா அஞ்சுகத்துக்கிட்ட போச்சு.

"பெரியம்மா, வாயைத் திற."

"என்னடி பண்ணப் போற?"

"திறயேன்."

அஞ்சுகம் அசை போட்ட வாயை ஆன்னு திறந்தா. சீடை மூஞ்சியை உள்ள விட்டுது, கண்ணு வரைக்கும். களக் களக்னு ஒரு சத்தம். வெளிய எடுத்தா மூக்கு, வாய், கன்னம், மோவாய் எல்லாம் பச்சைப் பசேல்னு நுரை. பாயசத்துக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி. அப்படியே சொட்டச் சொட்ட அம்மா முன்னாடி வந்து நின்னுது.

"அம்மா, மூஞ்சி அழுக்காயிடுச்சு. நக்கி விடு."

பங்கஜவல்லி மோந்து பாத்தா. சேறு வாசனை. எருமை வாசனை. நேத்து தின்ன புல்லு வாசனை.

"நக்கினாளாம்மா?"

நீ என்ன நினைக்கற?

"...ம்."

சீடையோட கால் நடுங்கறதைப் பாத்தா. கண்ணை இறுக்கி மூடினா. நாக்கை நீட்டினா. சர்ரு... சர்ரு... சர்ரு. நெத்தி முதல் மோவாய் வரைக்கும், ஒரு நுரை பாக்கி வைக்காம.

அஞ்சுகம் அதுக்குன்னே காத்துக்கிட்டிருந்தா. "வல்லி, அது யாரு எச்சில்?"

"என் பொண்ணு எச்சில்."

"அப்படியா?"

"அப்படித்தான். நீ அந்தப் பக்கம் திரும்பி மெல்லு."

அன்னிக்கு சாயங்காலம் சீடைக்கு மூஞ்சி திரும்ப அழுக்காச்சு. மறுநாளும் அழுக்காச்சு. வேளைக்கு வேளை அழுக்காச்சு. இப்படி ஒரு அழுக்குக் குட்டியை அந்த ஸ்டேஷன் பக்கமே பாத்ததில்லை. முதல்ல வயித்துக்குள்ள கிச்சுனு ஒரு சத்தம். அப்புறம் குடு குடு குடுன்னு, பெட்டியும் படுக்கையுமா ஆளுங்க குடி வர்ற மாதிரி. அப்புறம் ஒரு காலையில கொட்டாயே ஆடற மாதிரி பங்கஜவல்லி ஒரு ஏப்பம் விட்டா பாரு... ஏஏஏஏவ்! தகரத்து மேல இருந்த காக்கா பறந்து போச்சு.

"எங்க வீட்டு ஆளுங்க பேச்சுச் சத்தம் கேக்குதே," அப்படின்னா அஞ்சுகம்.

பங்கஜவல்லி மென்னுக்கிட்டே இருந்தா. அவ வாய் நிறைய வைக்கோல்.

அப்புறம் பால் வந்துது. சீடை முட்டி முட்டிக் குடிச்சுது, மொடக் மொடக்னு. திரும்ப உருண்டையாச்சு. உருண்டையானதும் கொழுப்பு ஏறி, அஞ்சுகம் முதுகு மேலயே ஏறி விளையாட ஆரம்பிச்சுது. இப்போ மூஞ்சி அழுக்காக வேண்டிய அவசியமே இல்லை.

ஒருநாள் மத்தியானம் வெயில். சீடை தூங்குது. அஞ்சுகம் குட்டையிலேர்ந்து வந்து, பழக்கப்படி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து மெல்ல ஆரம்பிச்சா. சளப்பு... சளப்பு.

பங்கஜவல்லி தொண்டையைக் கனைச்சா.

"அக்கா."

அஞ்சுகம் மெல்லறதை நிறுத்திட்டா. இத்தனை வருஷத்துல அவளை அக்கான்னு கூப்பிட்டதே இல்லை.

"என்ன வல்லி?"

"இந்தப் பக்கம் திரும்பித்தான் மெல்லேன்."

அஞ்சுகம் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா.

"ம்."

அவ்வளவுதான்.

"அம்மா... என் வயித்துலயும் இருக்காங்களா?"

இருக்காங்க. உன் வயிறு சின்ன மண்டபம். பாதிப் பேரு என்கிட்டேர்ந்து வந்தவங்கதான். நீ பொறந்தப்போ என்னைக் கேக்காமலே கூட்டிக்கிட்டு வந்துட்ட.

"தண்ணி வேணும்."

இந்தா, குடி. எழுந்து குடி, தலைகாணி நனையும்.

"இது யாரு குடிச்ச டம்ளர்?"

நான்தான் குடிச்சேன். என்ன இப்போ?

"...ஒண்ணுமில்ல."

குடிச்சாச்சா? குடு இப்படி. ஏப்பம் வேறயா? உள்ள எல்லாரும் வேலைக்குப் போயாச்சு, கதையும் செரிச்சாச்சு, வீட்டுக்காரம்மா இனிமே கண்ணை மூடலாம்.