நோட்டில் இருந்த பேர்கள்

சாத்தூரில் சவம் வைக்கும் குளிர்பெட்டிகளை வாடகைக்கு விட்டுவந்தார் குருசாமிப்பாண்டியன். பெட்டிகளைத் துடைத்து, நோட்டில் பேர் எழுதி வைப்பவள் பேச்சித்தாய்.

"எதிர்க்கடைக்கு நெட்டில எண்பது ரிவியூ, நமக்கு மூணு. நாளைக்குள்ள ஐம்பது வரணும். இல்லேன்னா நீ வேலைக்கு வராதே" என்றார் முதலாளி.

"துக்க வீட்டில எப்படிக் கேட்கிறது? காரியம் முடியட்டும் முதலாளி, கேட்டு வாங்கித் தாரேன்."

"யாரையும் கேட்காதே. நோட்டில இருக்கிற பேர்லயே நீயா எழுது."

மறுநாள் மத்தியானம், பெட்டிகளின் மோட்டார் உறுமிக்கொண்டிருக்க, முதலாளி தனியாக உட்கார்ந்து கடை போனைத் திறந்தார். போன மாசம் செத்த தபால்காரர் எழுதியிருந்தார்: 'நல்ல குளிர். நிம்மதியாகப் படுத்திருந்தேன்.' இன்னொருவர், 'கண்ணாடி வழியாக எல்லாரையும் பார்த்தேன்' என்றார். அடுத்தது முதலாளியின் காலமான மாமனார். 'மாப்பிள்ளை, உங்கள் உயரத்துக்கும் இந்தப் பெட்டி சரியாக இருக்கும்.'

அவர் போனும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தார். பேச்சித்தாய் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன இதெல்லாம்?" என்று போனை அவள் கையில் திணித்தார்.

"நோட்டில உள்ள பேர்லதான் எழுதினேன். படுத்தவங்க பேரைத் தவிர அதில வேற பேர் ஏது? இன்னும் நெட்டில ஏத்தலை முதலாளி. ஏத்தட்டுமா?"

"வேண்டாம். நீ சொன்ன மாதிரி காரியம் முடிஞ்ச பிறகே கேளு." குரலைத் தாழ்த்தினார். "மாமனார் எழுதினதை மட்டும் இப்பவே அழிச்சிரு."

"பெரியவர் வாக்கை நான் அழிக்கலாமா? நீங்களே அழிச்சிருங்க" என்று போனை நீட்டினாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர, அதை வாங்கவில்லை.