பொறியாத்தாளின் சிறுவாடு

அந்தக் காலத்தில், சேவல் கூவினால் ஊர் எழுந்து அதற்குக் கூலி அளந்து கொடுத்த காலத்தில், கோழிகளுக்குத் தரையைக் கிளறும் பழக்கமே கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மா மாதிரி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, மண் ஒட்டாமல் நடந்துபோகும். பிறகு எப்படி இந்தக் கதி வந்தது என்று கேட்டால், அதற்குப் பொறியாத்தாளைத்தான் கேட்க வேண்டும்.

பொறியாத்தா ஒரு கோழி. கறுத்த உடம்பெல்லாம் பொறி பொறியாக வெள்ளைப் புள்ளி, அதனால் அந்தப் பெயர். அவள் வீட்டுக்காரன் சேவுகன். ஊரை எழுப்புகிற வேலை அவனுக்கு. ஒருநாள் பிந்தாமல் கூவுவான். ஊராரும் குறை வைக்காமல் கம்பு அளப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு மண் குதிர் இருந்தது. வந்த கம்பையெல்லாம் அதில்தான் கொட்டிவைப்பார்கள்.

சேவுகன் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வீட்டின் மேல் பாசம் உண்டு, வேலையில் சுத்தம் உண்டு. கைதான் ஓட்டை. சந்தை நாள் வந்தால் போதும், குதிரிலிருந்து கம்பை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவான். போகிற வழியில் காக்கை நலமா என்று கேட்டால் அதற்கு ஒரு பிடி. வாத்து குடும்பம் எதிரே வந்தால் அதற்கு இரண்டு பிடி. மிச்சத்தில் தனக்கு ஏதாவது வாங்கி மாட்டிக்கொண்டு வருவான்.

அப்படி ஒருநாள் தலையில் சிவப்பாக ஒரு கொண்டையோடு வந்து நின்றான்.

"எப்படி இருக்கு?" என்றான் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி.

"கொண்டுபோன கம்பு எங்கங்க?" என்றாள் பொறியாத்தா.

"கொண்டையைப் பாரு புள்ள முதல்ல!"

அழகாகத்தான் இருந்தது, அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் ஊரார் நேரம் கழித்து எழுந்தார்கள், கூலியும் இல்லை. குதிரில் தலையைவிட்டுப் பார்த்தால் அடிமண்தான் தெரிந்தது. பொறியாத்தா மாடப்புறா வீட்டு வாசலில் போய் நின்று, குஞ்சுகளுக்கு என்று ஒரு பிடி கேட்டாள். புறா கொடுத்தது. கொடுத்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் கொண்டை ரொம்ப எடுப்பா இருக்காமே, ஊரே பேசுது" என்றது. பொறியாத்தாளுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. குஞ்சுகள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. அந்தப் பிடிக் கம்பு மட்டும் அவள் தொண்டையில் வெகுநாள் நின்றது.

மழை விட்டு வெயில் வந்ததும் அவள் சிறுவாடு சேர்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெண்கள் ஒதுக்கிவைக்கிறார்களே, அதே சிறுவாடுதான். கோழிக்கு அது கம்பு. தினமும் குதிரிலிருந்து எடுக்கும்போது அலகுநுனியில் கொஞ்சம் ஒதுக்குவாள். ஒரு சின்னக் கலயத்தில் போட்டு, வைக்கோல் போருக்கு அடியில் தள்ளிவைப்பாள். அடுத்த மழைக்கு மறுபடி குஞ்சு பொரித்திருக்கும். அதுகளுக்காக இன்னொருத்தி வாசலில் போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆசை நியாயமானதுதான். ஆனால் சேர்க்கிறவர்களுக்கு ஒரு ருசி தட்டும் பாருங்கள், அது அவளுக்கும் தட்டிவிட்டது. கலயம் கனக்கக் கனக்க மனசு குளிர்ந்தது. முதலில் வாயைக் கட்டினாள், வயிற்றைக் கட்டினாள். அடுத்த தடவைக் குஞ்சுகள் பொரித்து வந்ததும் அதுகள் பங்கிலும் கை வைத்தாள். ஒருநாள் கடைக்குட்டிக் குஞ்சு அண்ணாந்து பார்த்து, "அம்மா, இன்னும் ஒரே ஒரு கம்பு" என்றது.

"தீர்ந்துபோச்சு கண்ணு."

பக்கத்து வைக்கோல் போருக்கு அடியிலேயே கலயம் வாய் ததும்ப இருந்தது. சொன்ன பிறகு அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. மழைக்கு ஆகும், மழைக்கு ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சேர்த்தது பெரிதானதும் பயமும் பெரிதானது. வைக்கோல் போர் பக்கம் ஒரு எலி போனது, உடனே கலயத்தை எடுத்து முருங்கை வேருக்குள் மாற்றினாள். முருங்கையில் அணில் ஒன்று அவளையே பார்த்த மாதிரி இருந்தது. அது முருங்கைப் பூவைத்தான் பார்த்தது என்று யார் சொல்லி அவள் நம்புவது? அங்கிருந்தும் எடுத்தாள். எங்கே வைப்பது, எப்படி அடையாளம் வைப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டு நடந்தபோது, களத்து மேட்டில் ஓர் எருமை படுத்திருந்தது.

பொறியாத்தா நின்று பார்த்தாள். காக்கை முதுகில் உட்கார்ந்தது, எருமை அசையவில்லை. ஈ மொய்த்தது, அசையவில்லை. எருமைக்குச் சொந்தக்காரி வந்து திட்டிவிட்டுப் போனாள், அதற்கும் அசையவில்லை.

'இதைவிட நிலையான அடையாளம் உலகத்தில் உண்டா!' என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

எருமையின் வாலுக்கு நேரே, எலி எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வளை ஒன்று இருந்தது. அதில் கலயத்தை இறக்கி, அலகால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே நடந்து சமன் செய்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எருமை இருந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள், எருமை இருந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன கவலை!

சேவுகனோ அந்த வாரச் சந்தையில் மயிலைப் பார்த்துவிட்டான். மயில், உதிர்ந்த இறகுகளை வெட்டி வளைத்து வால் செய்து விற்றுக்கொண்டிருந்தது. பச்சை மின்ன, அரிவாள்போல வளைந்த வால். சேவுகன் வீட்டுக்கு ஓடிவந்தான், குதிரில் இருந்ததை மொத்தமாக வழித்துக்கொண்டு போனான், வாலோடு திரும்பினான்.

அன்று சாயங்காலமே மழை இறங்கியது. ஐப்பசிக்கு ஒரு மாதம் முன்னாலேயே இறங்கிவிட்டது.

மழை கொட்டினால் எருமைக்கு என்ன வேலை? சந்தோஷமாக எழுந்து, உடம்பை ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு, கண்மாயைப் பார்த்து நடந்துபோய்விட்டது.

மழை கொஞ்சம் வெறித்ததும் பொறியாத்தா களத்து மேட்டுக்கு ஓடினாள். எருமையைக் காணோம். தண்ணீர் ஓடி, மேடும் பள்ளமும் ஒன்றாகி, களம் முழுக்க மெழுகிவிட்ட மாதிரி கிடந்தது. விழுந்தடித்துக் கண்மாய்க்கு ஓடினாள். தண்ணீருக்கு மேலே எருமையின் மூக்கும் கொம்பும் மட்டும் தெரிந்தன.

"அக்கா, அக்கா! நேத்து நீங்க எந்த இடத்துல படுத்திருந்தீங்க?"

"களத்துலதான்" என்றது எருமை.

"களத்துல எங்கக்கா?"

"தரையில."

"ஐயோ, தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்? அதை வச்சுத்தானே நான் ஒரு பொருளைப் புதைச்சிருக்கேன்!"

"என்னையா அடையாளம் வச்சே?" எருமைக்கே ஆச்சரியமாகிவிட்டது. "இரு தாயி, யோசிச்சுச் சொல்றேன்" என்று வாயை அசைக்க ஆரம்பித்தது. இன்றுவரை அசைத்துக்கொண்டிருக்கிறது, பதில் வந்தபாடில்லை.

பொறியாத்தா திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் காலைத் தரையில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். மண்தான் வந்தது. தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் இழுத்தாள். நகமெல்லாம் சேறு. குஞ்சுகள் கீச்கீச்சென்று பின்னாலேயே வந்தன. பசி தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுதன. கடைக்குட்டி அழவில்லை, ஒரு ஓரமாகக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது.

சேவுகன் வந்தான். "என்ன புள்ள தேடுற?"

"ஒண்ணுமில்ல. கால் அரிக்குது."

"களம் பூராவுமா அரிக்குது?"

அவள் தள்ளிப்போய் வேறு இடத்தில் கிளறினாள். கொஞ்சநேரம் கழித்து அவளால் முடியவில்லை. சேற்றில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். கலயம், வைக்கோல் போர், முருங்கை, எருமை, எல்லாவற்றையும்தான்.

சேவுகனுக்கு முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாம சேர்த்தியா? நான் என்ன திருடனா புள்ள?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது இந்நேரம் உங்க வாலில் மின்னிக்கிட்டு இருக்கும்!" என்று வெடித்தாள் பொறியாத்தா. உடனே குரல் உடைந்தது. "உங்களைச் சொல்லி என்ன, நான் மட்டும் ஒழுங்கா? கையில வச்சுக்கிட்டே இந்தப் புள்ளைக்கு இல்லைன்னு சொன்னேனே. ஒரே ஒரு கம்புதானே கேட்டுச்சு. நீங்க அள்ளி வீசுனீங்க, நான் மண்ணுல போட்டேன். ரெண்டும் இதுக வயித்துக்குப் போகலையே."

சேவுகன் கடைக்குட்டியைப் பார்த்தான். விறுவிறுவென்று மயில் இருந்த இடத்துக்குப் போனான்.

"அண்ணே, இந்த வாலை எடுத்துக்கிட்டு என் கம்பைக் கொடுத்துருங்க. பாதி கொடுத்தாலும் போதும்."

மயில் அந்த வாலை மேலும் கீழும் பார்த்தது. பச்சையெல்லாம் நனைந்து, துடைப்பக்குச்சிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. "நனைஞ்ச சரக்கை நான் திரும்ப எடுக்குறதில்ல தம்பி. நீயே ஆசையா வச்சுக்க."

சேவுகன் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தான். மழையில் நிற்கிற சேவலை இப்போது பார்த்தாலும் அதே கோலம்தான். வந்தவன் நேராகக் களத்துக்குப் போய், பெண்டாட்டி பக்கத்தில் நின்று, அவளைப்போலவே காலை அழுத்திக் கிளற ஆரம்பித்தான். பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை குப்புற விழப்பார்த்தான். "சிரிக்காத புள்ள" என்றான். அவள் எங்கே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

களம் முடிந்து குப்பைமேட்டுக்கு வந்தார்கள். சேவுகன் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தான். கலயம் வரவில்லை. ஈர மண்ணோடு கொழுகொழுவென்று ஒரு புழு புரண்டு வந்தது.

அவனும் நேற்றிலிருந்து பட்டினி. ஒரு விழுங்கில் போய்விடும், யாருக்கும் தெரியவும் தெரியாது. அலகை அருகில் கொண்டுபோனவன், அதைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டு, "கொக் கொக் கொக்! இங்க வாங்க, ஓடிவாங்க!" என்று குரல் கொடுத்தான்.

பொறியாத்தா கடைக்குட்டியை அலகால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். புழுவைக் கொத்திச் சின்னச் சின்னதாக்கி அதன் வாயில் வைத்தாள். முதல் துண்டு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதற்குக் குஞ்சு கண்ணைத் திறந்து, "இன்னும் ஒண்ணு" என்றது.

"இந்தாடா என் ராசா" என்றாள் அவள். இல்லை என்று அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவே இல்லை.

குப்பைமேட்டில் கிளறக் கிளறக் கரையான் வந்தது, முளைவிட்ட தானியம் வந்தது, வண்டு வந்தது. அத்தனை நாளும் காலடியிலேயே கிடந்த சாப்பாட்டை மண் ஒட்டாமல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். கலயம் மட்டும் வரவில்லை. ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அவள் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை.

அடுத்த அறுவடைக்குக் கூலி வந்தபோது, குதிரின் மூடியைத் திறந்து இருவருமாக எட்டிப் பார்த்துக் கொட்டினார்கள். சந்தை நாளன்று சேவுகன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு பிடி எடுத்துக்கவா புள்ள?" என்றான்.

"ரெண்டு பிடியா எடுத்துக்கங்க. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணுக்குக் குஞ்சுகளுக்குப் பொரி வாங்கிட்டு வாங்க. மழைக்குள்ளதைத் தொடக் கூடாது."

"சரிம்மா" என்றான் சேவுகன். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆமா, அந்தக் கலயம் என்னைக்காவது கிடைச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

பொறியாத்தா கிளறிக்கொண்டே சொன்னாள்: "முதல்ல உங்களைக் கூப்பிடுவேன்."

சேவல் ஒரு தானியத்தைக் கண்டால் தான் விழுங்காமல் வீட்டைக் கூப்பிட ஆரம்பித்தது அந்தக் குப்பைமேட்டுப் புழுவிலிருந்துதான். கோழியும் இன்னும் அந்தக் கலயத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் முன்னால் மரக்கால் நிறையக் கம்பைக் கொட்டிப் பாருங்கள், ஒரு கொத்துக் கொத்தும், உடனே இரண்டு காலாலும் பின்னுக்கு வாரி இறைத்துவிட்டுக் குனிந்து பார்க்கும். வாசலில் அது அப்படிக் கிளறுவதைப் பார்க்கிற பெண்கள், அடுப்படிக்குள் போய், பருப்பு டப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.