வெள்ளித் தட்டும் மரநாயும்

காபித் தோட்டத்தை ஒட்டிய காட்டில் மூக்கையன் என்றொரு மரநாய் இருந்தான். நன்றாகப் பழுத்த காபிப் பழமாகப் பார்த்துத்தான் தின்பான். சதை செரிக்கும், கொட்டை செரிக்காது. காலையில் பாறைமேல் போய் உட்கார்ந்தால் கொட்டைகள் முழுசாக வெளியே வந்துவிடும். அதற்காக அவன் பெருமைப்பட்டதும் இல்லை, வெட்கப்பட்டதும் இல்லை.

ஒருநாள் சிங்கராஜாவின் சமையல்காரி பொம்மிக் கரடி அந்தக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, வறுத்துக் காபி போட்டாள். ஒரு வாய் குடித்த சிங்கம் சொக்கிப்போனது.

"ஆஹா! இனிமே இதுதான் அரண்மனைக் காபி! அந்த மரநாயைக் கூட்டிட்டு வா!"

மூக்கையனுக்கு மெத்தை போட்டார்கள். விடிந்ததும் பொம்மி வெள்ளித் தட்டை ஏந்திக்கொண்டு அவன் பின்னாலேயே பயபக்தியோடு நடப்பாள். மான்கள் ஒதுங்கி நின்று கும்பிடும். மூக்கையனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மூக்கையா, பழம் பறிச்சு வச்சிருக்கேன், சாப்பிடு!"

"பழமா? அதை அணிலுக்குப் போடு! எனக்கு நெய் ஒழுக அல்வா கொண்டா!"

"பழம் தின்னாத்தானே கொட்டை வரும்?"

"போக்கா! விசேஷம் பழத்துலயா இருக்கு? என் வயித்துல இருக்கு! நான் எதைத் தின்னாலும் அமிர்தமாத்தான் வரும்!"

ராஜாவின் செல்லப்பிள்ளையிடம் யார் வாயைக் கொடுப்பது? பொம்மி தலையில் அடித்துக்கொண்டு அல்வா கிண்டினாள். முன்பு சேர்த்து வைத்திருந்த கொட்டையில்தான் ராஜாவுக்குக் காபி போனது.

அந்தச் சமயம் பார்த்து, பக்கத்துக் காட்டுப் புலிராஜா காபி குடிக்க வருவதாகச் சேதி வந்தது. விருந்தாளியின் கண்ணெதிரே கொட்டையை எடுத்து, கண்ணெதிரே வறுத்துத் தரவேண்டும் என்று சிங்கத்துக்கு ஆசை.

"விருந்து சொதப்புச்சுன்னா உனக்கு மெத்தையும் இல்லை, அரண்மனையும் இல்லை! தெரியுதா?" என்றது சிங்கம்.

"கவலையே படாதீங்க ராஜா!" என்று ஏப்பம் விட்டான் மூக்கையன்.

விருந்து நாளும் வந்தது. சபையே வெள்ளித் தட்டைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றது. மூக்கையன் முக்கினான். முனகினான். ஒருவழியாக வந்தது. பொம்மி குனிந்து பார்த்தாள். ஒரு கொட்டைகூட இல்லை! லேசாக நெய்வாசனை மட்டும் அடித்தது.

"ராஜா, இதை வறுக்கறதா, வழிச்சுப் போடறதா?" என்று கேட்டாள்.

புலி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தது. "இதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?" என்று கிளம்பியே போய்விட்டது. சிங்கத்துக்கு மானம் போயிற்று. மூக்கையனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

பாவம், நேராகத் தோட்டத்துக்கு ஓடி வயிறு முட்டப் பழம் தின்றான். மறுநாள் விடியும் முன்பே பழைய பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். கொட்டைகள் பளபளவென்று விழுந்தன. தூரத்தில் பொம்மி வெள்ளித் தட்டோடு வந்தாள். மூக்கையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா! இங்கே! இங்கே!"

பொம்மி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பாறையில் உட்கார்ந்திருந்த இன்னொரு மரநாயின் பின்னால் போய், பணிவாகத் தட்டை நீட்டினாள்.

அந்த மரநாய் மிரண்டுபோய்த் துள்ளியது. "யாரம்மா நீ? காலங்காத்தால ஒருத்தனை நிம்மதியா உட்கார விடமாட்டியா?"

நமக்குப் பெயர் வாங்கித் தந்த காரியத்தை விட்டுவிட்டால், அந்தப் பெயரும் நம்மை விட்டுப் போய்விடும்.