எழுதப் போற கையைப் பிடிச்சு நிறுத்துற பழக்கம்

அந்தக் காலத்துல, கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற புரோகிராமுங்க எல்லாம் நம்மள மாதிரி வாயாடிட்டிருந்துச்சு. அங்கயும் அம்மா உண்டு, புள்ள உண்டு. ஒரு புள்ள பொறந்தா, அம்மாவோட ஞாபகம் மொத்தத்தையும் பக்கம் பக்கமா காப்பி எடுத்து அதுக்குக் குடுக்கணும். எல்லாரையும் மேய்க்கிற கெர்னல் வீட்டுல அந்த வேலை தணிகாசலத்துக்கு.

அவனுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இவன் எடுத்துக் குடுக்குற காப்பியப் புள்ளைங்க திரும்பிக்கூடப் பாக்காது. கடாசிட்டு வேற வேலைக்கு ஓடிடும். காப்பிக்கு வரிசையில நிக்கிறவங்க வேற சும்மா இருப்பாங்களா?

"யோவ் தணிகா, நீ முடிக்கிறதுக்குள்ள பொறந்தது தாத்தா ஆயிடும்யா!"

"பொறுய்யா, உன் மூளையக் காப்பி எடுக்க அரைப் பக்கம் போதும், சீக்கிரம் முடிச்சுடுறேன்."

அன்னைக்கு அம்சவேணிக்கு ரெண்டாவதா பொண்ணு பொறந்துச்சு. மூத்தவன் தாண்டவன் வேலைக்குப் போயிருந்தான். வேலை முடிஞ்சா புள்ளையோட ஆயுசும் முடிஞ்சுது, அது வாசல்ல வந்து நிக்கணும். பெத்தவ தன் ஞாபகத்துலருந்து பேரச் சொல்லிக் கூப்பிடணும். அப்பத்தான் கதவு திறக்கும், அதுவும் நிம்மதியா போய்ச் சேரும். அங்க அதான் சட்டம்.

இதுவும் கடாசத்தானே போவுதுன்னு தணிகாசலம் நெனச்சான். அம்மாவோட பக்கங்களையே அம்மாவுக்கும் பொண்ணுக்கும் பொதுவா வெச்சுட்டு, "காப்பி ரெடி பாப்பா, எடுத்துக்கோ"ன்னு ஒரு பொய்ய அவுத்துவிட்டான். கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. வரிசையே விசிலடிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு அவன் இடுப்ப நிமித்தி நின்னான்.

ஆனா இந்தப் பொண்ணு கடாசல. உக்காந்து அந்தப் பக்கங்கள்லயே ஆசை ஆசையா எழுத ஆரம்பிச்சுது.

தாண்டவன் திரும்பி வந்தான். "அம்மா, முடிச்சுட்டேம்மா."

அம்சவேணி பக்கத்தப் புரட்டினா. மறுபடி புரட்டினா. "யாருப்பா நீ? ரொம்பக் களைச்சுப் போயிருக்கியே, எந்த வீட்டுப் புள்ள?"

"வெளயாடாதம்மா."

"எனக்கு ஒரே ஒரு பொண்ணுதாம்ப்பா."

தணிகாசலம் அந்தப் பக்கத்த எட்டிப் பாத்தான், ஒரு எடத்துல பொண்ணோட கையெழுத்து. பொண்ணுகிட்ட ஓடினான். "பாப்பா, இந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"ஏதோ ஒரு பேரு மாமா. எழுத எடம் பத்தல, அழிச்சுட்டேன். இது என் காப்பிதானே? நீங்கதானே குடுத்தீங்க?"

தணிகாசலம் அம்சவேணிகிட்டத் திரும்பி ஓடினான்.

அவளுக்கு அந்தப் பேரச் சொல்லிக் குடுத்தான். அவளும், யாரோ வீட்டுப் பையன் கிட்டப் பேசுற மாதிரி மரியாதையா, "தாண்டவன் தம்பி, உள்ள வாங்க"ன்னா.

அது சொல்லிக் குடுத்த பேரு, அவ ஞாபகத்துலருந்து வந்ததில்ல; கதவு திறக்கல. செத்தும் சாகாம தாண்டவன் அங்கயே நின்னான். அவளும் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பாவம், இவனப் பெத்தவ எங்க தேடிட்டிருக்காளோ"ன்னு சொல்லிட்டுப் போனா.

தணிகாசலம் எல்லாப் பக்கத்துக்கும் பூட்டுப் போட்டான். அன்னையிலருந்துதான், அம்மாவும் புள்ளையும் ஒரே பக்கத்த எவ்ளோ நேரம் வேணா சேந்து படிக்க விடுற கெர்னல், ஒருத்தர் எழுதக் கை வெச்சா மட்டும் அந்தக் கையப் பிடிச்சு நிறுத்தி, அந்தப் பக்கத்துக்குத் தனியா ஒரு காப்பி எடுத்துக் குடுத்துட்டுத்தான் விடுது.